மூணு காப்பி அவசரம்

ஊத்துக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பற்றி நீ எழுதவே வேண்டாம், சனிக்கிழமை போனில் உன் குரலே சொல்லிவிட்டது.

இன்றைக்கு இங்கே ஷட்டவுன். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே கரண்டை எடுத்துவிட்டார்கள், இனி சாயங்காலம்தான். கரண்ட் இல்லாத ஜெராக்ஸ் கடையும் தண்ணீர் திறக்காத கிருஷ்ணா கால்வாயும் ஒன்று. பார்க்க எல்லாம் இருக்கும், ஒன்றும் ஓடாது. மிஷின் தட்டிலிருந்து ஏ-ஃபோர் தாள் நாலைந்தை உருவிக்கொண்டு, ஸ்டூலை வாசல் வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் "சாப்பிட்டியா, அங்க குளிரா" என்பதோடு நம் பேச்சு தீர்ந்துபோகிறது. கடுதாசி என்றால்தான் எனக்குப் பேச்சு வருகிறது. கடுதாசி என்பதே போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் என்று உனக்குத் தெரியுமோ? இந்தக் கடிதம் முழுக்க இப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் அம்மா விஷயம். "எங்க ஷெஃப் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்க்கா" என்று சொன்னாயே, அதை ஸ்பீக்கரில் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு என்னை எழுப்பி, "ஏண்டி, மெக்கானிக் வேலை கத்துக்கத்தானே போனான், அவனை எதுக்கு சமையக்கட்டுல விட்டிருக்காங்க? அதுக்கா இவ்வளவு கடன் வாங்குனோம்?" என்று கேட்டாள். அவளுக்கு ஷெஃப் என்றால் டிவி சமையல் போட்டியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கரண்டியால் ருசி பார்ப்பவர். நீ இருக்கிற ஜெர்மனியில் அது மேலதிகாரியைக் குறிக்கும் சொல் என்று போனில் தேடிப் படித்துக் காட்டிய பிறகுதான் படுத்தாள். படுத்தவள் மறுபடி எழுந்து, "அப்ப அங்க சமைக்கிறவருக்கு என்ன பேரு?" என்றாள். அதை நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கேட்பாள்.

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தலைவர் என்றுதான் பொருளாம். சமையலறைத் தலைவர் என்ற நீளமான தொடரில் இங்கிலீஷ்காரர்கள் தலைவரை மட்டும் வைத்துக்கொண்டு சமையலறையை விட்டுவிட்டார்கள், ஆனால் வாசனை மட்டும் சொல்லிலேயே தங்கிவிட்டது. ஜெர்மன்காரர்கள் தலைவரைத் தலைவராகவே வைத்துக்கொண்டார்கள். ஆக, அன்றைக்கு ராத்திரி அம்மா தூக்கம் கெட்டதற்குக் காரணம் நீயும் இல்லை, உன் ஷெஃப்பும் இல்லை.

இனி உன் விஷயம். ஜெர்மன் வகுப்பில் எழுந்து நின்று "நான் டெக்னீஷியன் ஆக வேண்டும்" என்று சொல்லப் போனாய். இங்கிலீஷில் 'பிகம்' இருக்கிறதே, அதுதான் இது என்று 'பெகொமன்' போட்டுவிட்டாய். அது "எனக்கு ஒரு டெக்னீஷியன் கிடைக்க வேண்டும்" என்று ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பேப்பர் மணமகன் தேவை விளம்பரம் மாதிரி. சிரியாக்காரர், உக்ரைன்காரம்மா, வியட்நாம் பையன் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "இனிமே அந்த கிளாஸ்ல வாயையே திறக்க மாட்டேன்க்கா" என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்றைக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போனை வைத்த பிறகு நானும் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. அப்புறம் அகராதியில் தேடினால், 'பிகம்'மும் 'பெகொமன்'னும் கூடப் பிறந்தவை. பழைய ஜெர்மானிய மொழியில் 'வந்து சேர்' என்கிற மாதிரி ஒரு சொல். ஒருத்தி இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் 'ஆகு' என்று ஆனாள், இன்னொருத்தி ஜெர்மனியிலேயே தங்கிக் 'கிடைக்கப்பெறு' என்று ஆனாள். முகச்சாடையைப் பார்த்து நீ ஏமாந்தாய். யாரும் ஏமாறுவார்கள். நான் ஏமாந்த கதையைக் கேள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பிரதோஷம். அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீஸ்வரரைப் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் நம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித்தான் ஆந்திரா எல்லையைத் தாண்டுவார்கள். அந்த நெரிசலில் சத்தியவேடு பக்கத்துத் தாத்தா ஒருவர் கடைக்குள் வந்தார். தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் பட்டாதார் பாஸ்புத்தகம். வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்க, கையை மட்டும் நீட்டி, "அம்மா, மூணு காப்பி அவசரம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இப்பதானே தாத்தா வந்தீங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவர் பொறுமையாக விரல் விட்டு எண்ணினார். "பேங்குக்கு ஒண்ணு. ஆபீசுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

"அது சரி, எல்லாருக்கும்தான் அவசரம். வரிசையில நில்லுங்க."

"எல்லாருக்கும் அவசரம்னாதானம்மா கடைக்கு வர்றாங்க?"

திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகமும் மாறிவிட்டது. "அவசரம் லேகபோத்தே நேனெந்துக்கு வஸ்தானு?" என்று தெலுங்குக்குத் தாவிவிட்டார். அவசரம் இல்லாவிட்டால் நான் எதற்கு வருகிறேன் என்கிறார். நானும் விடவில்லை, "அவ்வளவு அவசரம்னா பக்கத்துக் கடைக்குப் போங்க" என்றேன். வரிசையில் நின்ற நாகலாபுரத்துப் பெண் ஒருத்திக்கு அதற்குமேல் தாங்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, தெலுங்குல அவசரம்னா தேவை. தாத்தா மூணு காப்பி வேணும்னுதான் சொல்றார்."

நான் "என்ன அவசரம்" என்று அதட்டியதெல்லாம் அவர் காதில் "என்ன தேவை" என்று விழுந்திருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி, வருகிற ஆளையெல்லாம் எதற்கு உனக்கு ஜெராக்ஸ் என்று குறுக்கு விசாரணை செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கடையே சிரித்தது. தாத்தா வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்தார்.

கதை அதோடு முடியவில்லை. ஆதார் பிரின்ட் எடுக்க வந்து மூலையில் நின்ற பீகார் பையன், தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் வேலை செய்கிறவன், "அக்கா, எங்க ஊர்ல அவ்சர் சொன்னா சான்ஸ்" என்றான். நல்ல வாய்ப்பு என்கிற பொருளில். எனக்கு மிஷினை நிறுத்திவிட்டு அந்த மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும் போல இருந்தது. சமஸ்கிருதத்தில் அவசரம் என்றால் உரிய வேளை, தருணம். அந்த ஒரே தருணத்தை இந்திக்காரர்கள் வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். தெலுங்கில் அது தேவை ஆயிற்று. நம்மிடம் வந்து, வேளை தப்பிவிடுமே என்கிற பதைப்பாக மாறி நிற்கிறது. இதில் யார் தப்பாகப் பேசுகிறார்கள், சொல் பார்க்கலாம். இந்திக்காரர்களுக்கு 'சிக்ஷா' என்றால் கல்வி. தெலுங்கில் அதுவே தண்டனை, நம் சிட்சையும் அடி உதைதான். தெற்கே பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று அந்தச் சொல்லைக் கேட்டாலே போதும்.

அந்தத் தாத்தா இப்போது என் வாத்தியார். அவர் கதையே தனி. 1960 ஏப்ரல் முதல் தேதி படாஸ்கர் வகுத்தபடி எல்லையை மாற்றினார்களே, அப்போது திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர், சித்தூர் மாவட்டத்துக்காரராக வளர்ந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்துக்காரர். வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் தமிழ், பத்திரத்தில் தெலுங்கு. அவசரம் மட்டும் எப்படியோ தெலுங்கு அவசரமாகவே அவர் வாயில் தங்கிவிட்டது.

ஊருக்குப் பஸ் கிடைக்கிறவரை என் கடையில் உட்கார்ந்து பழைய பில்லின் முதுகில் எழுத்து போட்டுக் காட்டுவார். தெலுங்கு எழுத்துகள் நம் எழுத்துகளுக்குத் தூரத்து உறவு மாதிரி. பாதிக்கு மேல் எழுத்துகள் தலையில் வாத்தியார் போடுகிற டிக் மார்க் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெயரே தலகட்டு. எனக்குப் பகரமும் வகரமும் குழம்பும், இரண்டும் இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும். போன மாதம் ஒருநாள் ஆந்திரா பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் நெற்றியில் இருந்ததை எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்துவிட்டேன். இருபது வருஷமாகப் பார்த்த போர்டு, அதுவரை எனக்கு அது ஜிலேபி வரிசை. அன்றைக்குத் திடீரென்று வாய் திறந்து பேசியது. சந்தோஷம் தாங்காமல் கண்டக்டரிடம் ஓடி, "பரதய்யபாளெம் போகுமா?" என்று கேட்டேன். அவர் போர்டை எட்டிப் பார்த்துவிட்டு, "வரதய்யபாளெம் போகும்மா. பரதய்யபாளெம் எங்க இருக்குன்னு எனக்கும் சொல்லு, ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார். பஸ்ஸில் முன் சீட்டு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே கடைக்கு வந்து, அந்தப் போர்டை மறுபடி எழுதிப் பார்த்தேன். வகரம் இனிமேல் என்னை விட்டுப் போகாது. ஒரு பஸ் கூட்டம் சிரித்துக் கற்றுக்கொடுத்த எழுத்து அது.

அப்பா இருந்திருந்தால் உன்னை நன்றாகத் திட்டியிருப்பார். லாரியில் நெல்லூர், விஜயவாடா, நாக்பூர் என்று போய்வந்த மனிதர். தெலுங்கு, இந்தி, கன்னடம் மூன்றும் பேசுவார், மூன்றும் தப்பு. ஒருமை பன்மை கிடையாது, ஆண் பெண் கிடையாது, எல்லாரும் அவருக்கு 'அது'தான். ஆனால் நடுராத்திரி எந்த ஊர் ஓரத்தில் வண்டி நின்றாலும் அரை மணி நேரத்தில் ஒரு மெக்கானிக்கையும் ஒரு டம்ளர் டீயையும் வாங்கிவிடுவார். நீ போன புதிதில் பட்டறையில் ஸ்டெப்னி எங்கே என்று கேட்டு ஒருவருக்கும் புரியவில்லை என்றாயே. அது இங்கிலீஷ்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்கிற ஊரில், ஸ்டெப்னி என்ற பெயருள்ள தெருவில், 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற கம்பெனி அது. தெருப் பெயர் கம்பெனிக்கு வந்தது, கம்பெனிப் பெயர் சக்கரத்துக்கு வந்தது. கம்பெனியை உலகம் மறந்த பிறகும் நம் லாரிக்காரர்கள் அந்தச் சக்கரத்தை இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா வண்டியில் இன்னொன்றும் உண்டு, தார்ப்பாய். அது சுத்தத் தமிழ் என்றே நினைத்திருந்தேன். இங்கிலீஷ் 'டார்பாலின்' நம் ஆட்கள் வாயில் விழுந்து, தார் பூசிய பாய் என்று ஆகியிருக்கிறது. தப்பாகக் கேட்டு, அசலைவிடப் பொருத்தமாகத் திருப்பிச் சொன்ன சொல். இந்த மாதிரித் தப்புக்குப் பரிசே கொடுக்கலாம். பதிலுக்கு இங்கிலீஷ்காரர்கள் நம் கட்டுமரத்தைக் கொண்டுபோய், இரண்டு உடம்பு வைத்த ஆடம்பரப் படகுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அதில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை. பழவேற்காட்டு மீனவர் ஒருவர் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்? பழவேற்காடு என்றதும் ஞாபகம் வருகிறது, அங்கே 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர்தான் நாம் சொல்கிற துட்டு என்கிறார்கள். உன் பர்ஸில் இன்றைக்கு யூரோ இருக்கும். அம்மா கேட்பதென்னவோ, "கையில துட்டு வச்சிருக்கானா?" என்றுதான்.

என் கடை போர்டு கதையை உனக்குச் சொல்லவில்லையே. தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நியாயம்தான். எம்.ஏ. தமிழ் படித்தவள், சும்மா இருப்பேனா? ஜெராக்ஸை அழித்துவிட்டு 'நகலகம்' என்று பெரிதாக எழுதவைத்தேன். ஒரு வாரம் ஜனங்கள் அந்தப் போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "யக்கா, இங்க ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு?" என்று என்னையே கேட்டார்கள். பொறுக்கமாட்டாமல் அகராதியைப் புரட்டினால், நகல் என்பது அரபிச் சொல்லாம், உருது வழியாக வந்திருக்கிறது. அசலாவது தமிழாக இருக்கும் என்று பார்த்தேன், அதுவும் அரபி. இங்கிலீஷை விரட்டி அரபியைக் குடிவைத்திருக்கிறேன். பக்கத்தில் தாலுகா ஆபீஸ். தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, வாரிசு, ரசீது, பாக்கி என்று அந்தக் கட்டடத்திலிருந்து வருகிற காகிதமெல்லாம் அரபியும் பாரசீகமும்தான். அவர்களே கவலைப்படவில்லை, நான் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று 'நகலகம்' பக்கத்திலேயே 'ஜெராக்ஸ்' என்றும் எழுதிவிட்டேன்.

அந்த ஜெராக்ஸும் ஒரு கம்பெனிப் பெயர். அதற்கு வேர் கிரேக்கத்தில் 'உலர்ந்த' என்கிற சொல். மையும் திரவமும் இல்லாமல் பொடியை வைத்துப் படி எடுக்கும் வித்தையை 1938-இல் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் செய்து காட்டினார். அதற்கு உலர் எழுத்து என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கார்த்திகை மழையில், ஆரணி ஆற்றில் வெள்ளம் போகிற நாளில், தாள் நமுத்து மிஷின் வாயில் மடங்கி மடங்கிச் சிக்கும்போது, கரிப்பொடிக் கையோடு நின்றுகொண்டு அந்தக் கிரேக்கச் சொல்லை நினைத்துக்கொள்வேன். ஊத்துக்கோட்டையில் அந்தச் சொல்லின் பொருள் என் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, எந்தச் சொல்லை எப்படிப் புழங்கினாலும் அக்காவுக்குச் சிரிப்புதான் என்று நினைத்துவிடாதே. போன மாதம் ஒன்று நடந்தது. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா ஒருத்தி, ஒரு ஃபைனான்ஸில் கடன் வாங்கியிருந்தாள். தவணை தப்பிவிட்டது. அவர்கள் அனுப்பியது இங்கிலீஷில் மெசேஜ், அதில் 'டீஃபால்ட்' என்று ஒரு சொல். ப்ளஸ் டூ படிக்கிற மகன் பார்த்துவிட்டு, "போன் செட்டிங்ஸ்ல வருமேம்மா, தானா இருக்கிறது, நாம ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த டீஃபால்ட் அதுதான், அவன் வரையில் அது சரியும்கூட. இரண்டு மாதம் அவள் ஒன்றும் பண்ணவில்லை. வட்டிக்கு மேல் வட்டி ஏறின காகிதத்தோடு என்னிடம் வந்தபோது, நான் படித்துச் சொன்னதும் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். "தவணை கட்டவில்லை" என்று எழுத இரண்டு சொல் போதும். பூக்காரிக்கு இங்கிலீஷில் எழுதினவனுக்கு அந்த இரண்டு சொல் தெரியாமல் இல்லை. உன் வகுப்பில் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இவன் மேல் இன்னும் ஆறவில்லை.

அந்த பீகார் பையன் விஷயத்திலும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அக்கா, குடு. தாத்தா, தள்ளு. சீக்கிரம் போடு" என்பான். பெரியவர் சின்னவர் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவன் மிரண்டுபோய் நின்றான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக அவன் காதில் விழுந்த தமிழெல்லாம் எடு, வை, தூக்கு, ஓடு, சீக்கிரம். கம்பெனியில் ஒருவரும் அவனிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. விழாத எழுத்து வாயில் எப்படி வரும்? அன்றைக்கே 'ங்க' சொல்லிக்கொடுத்தேன். இப்போது அதைச் சோற்றில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுகிறான். "அக்கா, மழைங்க வருதுங்க." "நாய்ங்க குலைக்குதுங்க, பயமா இருக்குங்க." போன வாரம் மிஷின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மிஷினுங்க சூடா இருக்காங்க" என்றான். நான் திருத்தவில்லை. கொஞ்ச நாள் அந்த மிஷினும் மரியாதையோடு இருக்கட்டும்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். புல்ஸ்னிட்ஸ் என்கிற ஊரில் பிறந்த சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கியபோது உன் வயதுதான், 24 பக்கம். பாதிரியார், நன்றாகப் படித்தவர், ஆனால் தமிழில் ஓரெழுத்து தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் மாதிரியே மணலில் விரலால் அ, ஆ எழுதினார். நினைத்துப் பார். ஆறு வயசு வாண்டுகள் நடுவில், நெட்டையாக ஒரு வெள்ளைக்காரர் மடங்கி உட்கார்ந்து ழகரத்தோடு மல்லுக்கட்டுகிறார். அந்தப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருக்கும்? அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பலருக்கு நம் மொழியின் பெயரே சரியாகத் தெரியாது, மலபார் மொழி என்பார்கள். அவரும் சேர்த்து வைத்த ஏடுகளின் பட்டியலுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். பத்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். 1716-இல் உங்கள் ஜெர்மனியில், ஹாலே நகரத்தில், தமிழ் இலக்கணம் ஒன்றையும் அச்சேற்றினார். அதன் பெயரிலேயே தமிழ் வந்துவிட்டது. உன் வகுப்பில் நாற்காலியாவது போட்டிருக்கிறார்கள்.

அதனால் ஒன்று செய். 'எனக்கு ஒரு டெக்னீஷியன் கிடைக்க வேண்டும்' என்பதை ஒரு நோட்டில் முதல் வரியாக எழுது. வாரத்துக்கு ஒரு தப்பாவது அதில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று சொல், நான் தெலுங்கில் என் தப்பைச் சொல்கிறேன். பரதய்யபாளெத்தை உன்னால் மிஞ்ச முடியுமா என்று பார்ப்போம். அந்த வியட்நாம் பையன் என்ன தப்பு விட்டான் என்பதையும் கேட்டுக்கொண்டு வா, அவன் விடாமலா இருப்பான்? கையில் வைத்துப் பேசுகிற போனை அங்கே 'ஹேண்டி' என்கிறார்கள் என்றாயே, அது இங்கிலீஷ்காரர்களுக்கே புரியாத இங்கிலீஷ் என்று படித்தேன். உன் வாத்தியாரம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரிக்கவை. அதற்காகவாவது வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

அம்மா இரண்டு கிலோ புளியும் வடகமும் பார்சல் கட்டிவைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வருகிறார்களா என்று விசாரி. ஸ்வெட்டர் போடாமல் சைக்கிளில் போகாதே.

கரண்ட் வந்துவிட்டது, சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் தாளெல்லாம் பறக்கிறது, ஸ்டேப்ளரை மேலே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தாத்தா வாசலில் வந்து நிற்கிறார். கையில் அதே பிளாஸ்டிக் கவர். நாலு காப்பி அவசரமாம். எந்த ஊர் அவசரம் என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா